ஹிமேஜி கோட்டைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில், ஒசாகாவுக்கு மேற்கே உள்ள ஹிமேஜி நகரின் கோட்டைக்கு நான் பலமுறை சென்றிருக்கிறேன். உறவினரையும் நண்பர்களையும் அழைத்துச் சென்றபோது அவர்கள் கேட்டவையும், பயணம் கிளம்புமுன் பலர் கேட்டு எழுதியவையும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. அரை மணி நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இந்தக் கோட்டையின் ஒவ்வொரு வாயிலும் கூரை ஓடும் சுவர்த் துளையும் ஒரு காரணத்தோடு வைக்கப்பட்டவை. அந்தக் காரணங்கள் தெரிந்தால் அதே வழியில் நடப்பதற்கு மூன்று மணி நேரமும் போதாது.

ஜப்பானில் எத்தனையோ கோட்டைகள் இருக்க, ஏன் ஹிமேஜி?

இன்று ஜப்பானில் காணப்படும் கோட்டைக் கோபுரங்களில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டவை. ஒசாகா கோட்டையின் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டப்பட்டது. நகோயா கோபுரம் 1945 மே மாதக் குண்டுவீச்சில் எரிந்தது. ஹிரோஷிமா கோபுரம் அதே ஆண்டு ஆகஸ்டில் அணுகுண்டில் சரிந்தது. நிலப்பிரபுக்களின் காலத்தில் கட்டப்பட்டு, இன்றுவரை மரமும் மண்ணுமாக நிற்கும் கோபுரங்கள் பன்னிரண்டுதான். அவற்றுள் ஹிமேஜி, மத்சுமோதோ, இனுயாமா, ஹிகோனே, மத்சுஎ ஆகிய ஐந்தும் தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டவை.

அந்த ஐந்திலும் அளவில் பெரியது ஹிமேஜி. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மற்ற பல இடங்களில் கோபுரம் மட்டும் தனியாக நிற்கிறது. ஹிமேஜியிலோ வாயில்கள், மதில்கள், காவல் மாடங்கள், அகழி என்று ஒரு கோட்டையின் உடல் முழுவதும் பெருமளவு மிஞ்சியிருக்கிறது. ஒரு முதன்மைக் கோபுரம், மூன்று சிறு கோபுரங்கள், அவற்றை இணைக்கும் நான்கு கூடமாடங்கள் ஆகிய எட்டும் தேசியப் பொக்கிஷங்கள். இவை போக 74 கட்டடங்களும் மதில்களும் முக்கியப் பண்பாட்டுச் சின்னங்கள். 1993 டிசம்பரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற ஜப்பானியச் சின்னங்களில், ஹோர்யூஜி புத்தர் கோயில் தொகுதியோடு இதுவும் ஒன்று.

இதைக் கட்டியவர் யார்?

ஒருவர் அல்லர். 1333-இல் அகமத்சு குடும்பத்தினர் ஹிமேயாமா என்னும் இந்தக் குன்றின்மேல் சிறு அரண் ஒன்றை அமைத்தார்கள். பிறகு அது குரோதா குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. 1580-இல் மேற்கு நோக்கிப் படையெடுத்து வந்த, பின்னாளில் நாட்டையே ஆண்ட படைத்தலைவர் தொயோதோமி ஹிதேயோஷி இதைத் தன் தளமாக்கிக்கொண்டு மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்.

நாம் இன்று பார்க்கும் கோட்டை இகேதா தெருமாசாவுடையது. அவருடைய கதை அந்தக் காலத்து அரசியலை ஒரு வீட்டுக்குள் காட்டிவிடுகிறது. 1584-இல் நடந்த போரில் தெருமாசாவின் தந்தை, ஹிதேயோஷிக்குப் பின் நாட்டை ஆளப்போகும் தொகுகாவா இயேயாசுவின் படையோடு மோதி உயிரிழந்தார். பத்தே ஆண்டுகளில், ஹிதேயோஷியின் ஏற்பாட்டின்பேரில், அதே இயேயாசுவின் மகளைத் தெருமாசா மணந்துகொண்டார். ஹிதேயோஷி இறந்தபின் நாட்டை யார் ஆள்வது என்று தீர்மானித்த செகிகஹாராப் போர் 1600-இல் வந்தபோது மாமனாரின் பக்கம் நின்று போரிட்டார். வெற்றிக்குப் பரிசாகக் கிடைத்ததுதான் ஹரிமா நாடும், அதன் 5,20,000 கொகு அரிசி வருவாயும், ஹிமேஜிக் கோட்டையும். 1601-இல் தொடங்கிய கட்டுமானம் 1609-இல் நிறைவடைந்தது. ஹிதேயோஷியின் கோபுரத்தைப் பிரித்து, அதன் மரங்களில் ஒரு பகுதியைப் புதிய கட்டடங்களில் சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு பெரிய கோட்டையை இயேயாசு இங்கே அனுமதித்ததற்கு நில அமைப்பே காரணம். கிழக்கே ஒசாகாவில் ஹிதேயோஷியின் மகன் இன்னும் உயிரோடு இருந்தார். மேற்கே, செகிகஹாராவில் தோற்றும் பணியாத பெரிய குடும்பங்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே, நெடுஞ்சாலையின்மேல், நம்பிக்கைக்குரிய மருமகன் ஒருவர் வேண்டியிருந்தது.

டைம்யோ, கொகு, ஷோகன் என்றெல்லாம் சொல்கிறார்களே, எளிதாக விளக்க முடியுமா?

ஷோகன் என்பவர் பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர். 1603 முதல் 1867 வரை இந்தப் பதவி தொகுகாவா குடும்பத்திடம் இருந்தது. டைம்யோ என்பவர் ஷோகனுக்குக் கட்டுப்பட்ட பிராந்திய அதிபர். நம் வழக்கில் குறுநில மன்னர் என்று சொன்னால் ஏறக்குறைய பொருந்தும். டைம்யோவிடம் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்த படைவீரர் சாமுராய்.

இவர்கள் அனைவரையும் ஒன்றாகக் கோத்தது நெல். ஒரு கொகு என்பது ஏறத்தாழ 180 லிட்டர் அரிசி, அதாவது சுமார் 150 கிலோ. ஓர் ஆளின் ஓராண்டு உணவு என்று அதைக் கணக்கிட்டார்கள். நிலத்தின் பரப்பைவிட அது எத்தனை கொகு விளையும் என்பதே ஒரு டைம்யோவின் தகுதியை அளந்தது. பத்தாயிரம் கொகுவுக்கு மேல் இருந்தால்தான் டைம்யோ என்ற பெயரே கிடைக்கும். தெருமாசாவின் 5,20,000 கொகு என்றால், அவ்வளவு பேரின் ஓராண்டு உணவை விளைவிக்கும் நாடு என்று பொருள். போர் வந்தால் எத்தனை வீரர்களை அனுப்ப வேண்டும், ஷோகனின் கட்டுமானப் பணிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்பட்டன.

டைம்யோக்களைக் கட்டிவைக்கச் சட்டங்களும் இருந்தன. 1615-இல் ஒரு பிரதேசத்துக்கு ஒரு கோட்டைதான் என்ற ஆணை வந்தது, மற்றவை இடிக்கப்பட்டன. இருக்கும் கோட்டையைப் பழுதுபார்க்கக்கூட ஷோகனின் அனுமதி தேவைப்பட்டது. 1635 முதல் டைம்யோக்கள் ஓராண்டு தம் ஊரிலும் மறு ஆண்டு எதோவிலும், அதாவது இன்றைய டோக்கியோவிலும், மாறிமாறி வசிக்க வேண்டியிருந்தது. மனைவியும் வாரிசும் எப்போதும் எதோவில் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவகையில் பிணையாளிகள். பரிவாரத்தோடு செல்லும் அந்தப் பயணச் செலவே பல டைம்யோக்களின் கருவூலத்தைக் கரைத்தது.

அந்தக் கோபுரத்தில்தான் டைம்யோ வசித்தாரா?

இல்லை. எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். முதன்மைக் கோபுரம் கடைசிப் புகலிடமாகவும் ஆயுதக் கிடங்காகவும் அதிகாரத்தின் அடையாளமாகவும் கட்டப்பட்டது. டைம்யோவின் அன்றாட வாழ்க்கை கீழே இருந்த அரண்மனைகளில் நடந்தது. அந்த அரண்மனைகள் இன்று இல்லை. நீங்கள் புல்வெளியாகக் கடந்துசெல்லும் சன்னோமாரு திடலில் ஒருகாலத்தில் அலுவலகங்களும் வரவேற்பு அறைகளும் தோட்டங்களும் இருந்தன.

வாயிலிலிருந்து கோபுரம் கண்ணெதிரே தெரிகிறது. பிறகு ஏன் வழி இப்படிச் சுற்றிச் சுற்றிப் போகிறது?

அதுதான் இந்தக் கோட்டையின் உயிர்நாடி. கோபுரம் எப்போதும் அருகில் இருப்பதுபோலத் தெரியும்; ஆனால் வழி உங்களை அதனிடமிருந்து விலக்கிக்கொண்டே போகும்.

முதலில் வருவது ஹிஷி வாயில். அதைக் கடந்ததும் வாயில்களுக்கு ஜப்பானிய அகரவரிசைப்படி இ, ரோ, ஹா, நி, ஹோ என்று பெயர்கள் தொடங்குகின்றன. ஹா வாயிலுக்கு ஏறும் சரிவைச் சற்று நின்று பாருங்கள். பாதை அகலமாகத் தொடங்கி மேலே குறுகுகிறது. ஒரு பக்கம் துளைகள் நிறைந்த வெள்ளை மதில், எதிரே கோபுரம். கூட்டமாக ஓடிவரும் படை மேலே போகப் போக நெரிந்து ஒற்றை வரிசையாகிவிடும். அதைத் தாண்டி நி வாயிலுக்குள் நுழைந்தால் கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, வழி சட்டென்று திரும்புகிறது. ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தபடி அங்கே நுழைய முடியாது. தலைக்குமேல் காவல் நிற்பவனோ மரத்தளத்தின் வழியாகக் கீழே குத்த முடியும்.

ஹோ வாயில் இரும்புத்தகடு போர்த்திய சிறு கதவு. உயரமானவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும். அதற்கு அருகில், மற்ற வெள்ளை மதில்களோடு சேராமல், மண் நிறத்தில் ஒரு சுவர் நிற்கிறது. களிமண்ணோடு அரிசிக் கஞ்சி முதலியவற்றைக் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்திய சுவர் என்றும், ஹிதேயோஷி காலத்தது என்றும் சொல்லப்படுகிறது. பலரும் அதைப் பழுதுபார்க்காத சுவர் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். இந்த வளாகத்தில் நான் ஒவ்வொரு முறையும் அருகில் போய் நின்று பார்க்கும் சுவர் அதுதான்.

அதற்குப் பிறகு நீர் வாயில்கள். கோபுரத்தின் அடிவாரம் வரை வந்துவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் பாதை கீழ்நோக்கி இறங்கத் தொடங்கும். மேலே போக வேண்டியவன் கீழே இறங்கும்போது, வழி தவறிவிட்டோமோ என்று தயங்குவான். அந்தத் தயக்கம் துப்பாக்கிக்காரனுக்குப் போதும். என்னோடு வந்த பெரியப்பா, அம்புக்குறிப் பலகை எதிரே இருந்தும், அந்த இடத்தில் திரும்பி நின்று, "தம்பி, நாம வந்த வழிக்கே போறோமோ?" என்று கேட்டார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சரிவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சுவர்களில் உள்ள வட்டம், முக்கோணம், சதுரம் எல்லாம் அலங்காரமா?

அவை சுடுதுளைகள். ஏறக்குறைய ஆயிரம் துளைகள் இன்றும் மிஞ்சியுள்ளன. நீண்ட செவ்வகத் துளை அம்பு எய்வதற்கு. வில் உயரமானது என்பதால் துளையும் நீளமாக இருக்கிறது. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவை திரித்துப்பாக்கிக்கு. 1543-இல் தனெகஷிமா தீவில் கரையேறிய போர்த்துகீசியர்கள் வழியாகத் திரித்துப்பாக்கி ஜப்பானுக்கு வந்தது. அறுபதே ஆண்டுகளில் ஒரு கோட்டையின் சுவர் முழுவதையும் அது மாற்றிவிட்டதை இங்கே காணலாம்.

ஒரு துளையின் அருகே குனிந்து கண்ணை வைத்துப் பாருங்கள். உட்புறம் அகன்றும் வெளிப்புறம் குறுகியும் இருக்கும். உள்ளே இருப்பவன் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்ப முடியும். வெளியே இருப்பவனுக்கோ உள்ளங்கை அளவு ஓட்டைதான் தெரியும். நீங்கள் சற்றுமுன் நடந்துவந்த பாதை முழுவதும் அந்த ஓட்டைக்குள் அடங்கியிருக்கும்.

கோபுரத்தின் மூலைகளில் சுவர் புடைத்துக்கொண்டு நிற்கும் இடங்களையும் கவனியுங்கள். அவை கல்வீழ்த்திகள். அடியில் உள்ள மூடியைத் திறந்தால், கல்சுவரைப் பற்றி ஏறிவருபவன்மேல் நேராகத் தாக்கலாம்.

கோட்டை ஏன் இவ்வளவு வெண்மையாக இருக்கிறது?

மரக்கட்டடத்துக்கு முதல் எதிரி நெருப்பு. அந்த நெருப்பைத் தடுக்கப் பூசிய சுண்ணாம்புச் சாந்துதான் இந்த வெண்மை. சுண்ணாம்போடு சணல் நார், கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை ஆகியவற்றைச் சேர்த்துக் குழைத்து, சுவர், ஜன்னல் கம்பி, கூரையின் இறவாரம் என்று வெளியே தெரியும் மரத்தையெல்லாம் மூடினார்கள். ஓடுகளின் இணைப்புகளிலும் அதே சாந்தைப் பூசியதால் கூரையே வெண்மையாகத் தெரிகிறது. காற்றில் ஓடு நகராமலும் மழை உட்புகாமலும் அது காக்கிறது. சிறகு விரித்த வெண்கொக்கைப்போல் இருப்பதால் வெண்கொக்குக் கோட்டை என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

2009-இல் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பு முடிந்து 2015 மார்ச்சில் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டபோது, இது மிகவும் வெள்ளையாக இருக்கிறதே என்று உள்ளூர்க்காரர்களே வியந்தார்கள். புதிதாகப் பூசிய சாந்து அப்படித்தான் இருக்கும். மழையும் பாசியும் பூஞ்சையும் சேர்ந்து சில ஆண்டுகளில் ஓட்டு இணைப்புகள் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும்.

கூரை ஓரத்து ஓடுகளில் அச்சிட்ட குடும்பச் சின்னங்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. இகேதா குடும்பத்தின் பட்டாம்பூச்சி, தொயோதோமியின் பௌலோனியா மலர் என்று, அந்தந்தக் காலத்தில் பழுதுபார்த்தவர்கள் தம் சின்னத்தைப் பதித்துச் சென்றார்கள். நி வாயிலின் கூரையில் சிலுவை வடிவம் ஒன்றும் உண்டு. இங்கே பிறந்து, பின்னாளில் கிறித்தவரான குரோதா கன்பெய்யோடு அதைச் சிலர் தொடர்புபடுத்துகிறார்கள்.

கோபுரத்துக்குள் பார்க்க என்ன இருக்கிறது? வெறுமையாக இருப்பதாகச் சொல்கிறார்களே?

அரண்மனைப் பொருட்களைத் தேடினால் ஏமாற்றம்தான். கட்டடத்தைப் பார்க்கப் போனால் ஏமாற்றமே இல்லை.

வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து கூரைகள். உள்ளே ஆறு தளங்களும் ஒரு நிலவறையும் சேர்த்து ஏழு நிலைகள். கல்லடித்தளம் 14.85 மீட்டர், அதன்மேல் கட்டடம் 31.5 மீட்டர். இந்த முழு எடையையும் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக நிற்கும் இரண்டு பெருந்தூண்கள் நடுவில் தாங்குகின்றன. நிலவறையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை ஏறக்குறைய 25 மீட்டர் உயரம் செல்லும் தூண்கள் அவை. ஒவ்வொரு தளத்திலும் அந்தத் தூணைத் தேடிக் கண்டுபிடித்து, அது மேலே போகப் போக எப்படி மெலிகிறது என்று பாருங்கள். கட்டடம் எப்படி நிற்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும்.

1956 முதல் 1964 வரை முதன்மைக் கோபுரத்தை ஒவ்வொரு மரமாகப் பிரித்து, மீண்டும் கோத்தார்கள். அப்போது மேற்குத் தூண் உளுத்துப்போயிருந்தது தெரியவந்தது. கிசோ மலைக்காட்டில் வெட்டிய மரம் கொண்டுவரும் வழியிலேயே முறிந்துவிட்டது. ஆகவே ஹியோகோவின் கசகதா ஆலயத்து மரம் ஒன்றையும் சேர்த்து, நடுவில் இணைத்து, இன்றைய மேற்குத் தூணை நிறுத்தினார்கள். அந்த இணைப்பைத் தளத்தில் நின்றபடியே காணலாம். கிழக்குத் தூண் அடிப்பகுதி மட்டும் மாற்றப்பட்ட பழைய மரமே.

அதே வேலையின்போது கோபுரத்தின் அடியில் கான்கிரீட் அடித்தளம் இட்டார்கள். எடை தாங்காமல் நிலம் அமிழ்ந்து, கோபுரம் நெடுங்காலமாகத் தென்கிழக்கே சாய்ந்திருந்தது. இதைச் சுற்றி ஒரு கதையும் உண்டு. கட்டி முடித்த தலைமைத் தச்சர் சகுராய் கென்பெய் தம் மனைவியை அழைத்துவந்து காட்டியபோது, "அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே" என்று அவர் சொன்னாராம். ஒரு பெண்ணின் கண்ணுக்கே தெரியும் பிழையைச் செய்துவிட்டோமே என்று தச்சர் உளியை வாயில் கவ்விக்கொண்டு மேலிருந்து குதித்துவிட்டாராம். சாய்வு தச்சரின் பிழையன்று, மண்ணின் குற்றம் என்று தெரிவதற்குள் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

சுவரோரங்களில் ஈட்டியும் துப்பாக்கியும் மாட்டும் முளைகள் வரிசையாக இருக்கும். மூலைகளில் வீரர் ஒளிந்துகொள்ளும் சிறு அறைகள் உண்டு. உச்சித் தளத்தில் ஒசகபே தெய்வத்தின் சிறு சன்னதி இருக்கிறது. கோட்டை வருவதற்கு முன்பே இந்தக் குன்றில் வழிபடப்பட்ட தெய்வம் அது.

சென்ஹிமே யார்? மேற்குப் பகுதியில் அவருக்கு என்ன தொடர்பு?

சென்ஹிமே, தொகுகாவா இயேயாசுவின் பேத்தி. ஏழு வயதில், இரு குடும்பங்களுக்கும் இடையே சமாதானம் நிலைக்கட்டும் என்று, ஹிதேயோஷியின் மகன் ஹிதேயோரிக்கு அவரை மணமுடித்துக் கொடுத்தார்கள். 1615-இல் தாத்தாவின் படையே ஒசாகா கோட்டையை எரித்தது. கணவரும் மாமியாரும் உள்ளே உயிரை மாய்த்துக்கொண்டனர். சென்ஹிமே மட்டும் வெளியே கொண்டுவரப்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறைந்திருக்கவில்லை.

மறு ஆண்டு ஹோந்தா ததாதோகியை மணந்தார். 1617-இல் ஹோந்தா குடும்பம் ஹிமேஜிக்கு மாற்றப்பட்டது. சென்ஹிமேயின் சீதனத்தைக் கொண்டுதான் மேற்குப் பகுதியும், ஒப்பனை மாடம் எனப்படும் அறைகளும் கட்டப்பட்டன. மேற்கு மதிலின்மேல் நீளும் கூடத்தில் அவருடைய பணிப்பெண்கள் வசித்தார்கள். போருக்கான காவல்மாடத்துக்குள்ளேயே சிறுசிறு குடியிருப்பு அறைகள் வரிசையாக இருப்பதை அங்கே பார்க்கலாம். எதிரே உள்ள ஒதோகோயாமா குன்றின் ஆலயத்தை நோக்கி அந்தக் கூடத்திலிருந்தே அவர் காலையில் வணங்குவார் என்பது வழக்கு.

அவருடைய மகன் மூன்று வயதில் இறந்தான். 1626-இல் கணவரும் நோயுற்று இறந்தார். சென்ஹிமே எதோவுக்குத் திரும்பித் துறவு பூண்டார். மகள் கத்சுஹிமே மட்டும் வளர்ந்து, இந்தக் கோட்டையைக் கட்டிய இகேதா தெருமாசாவின் பேரனை மணந்தார். கோபுரத்துக்கு ஏறும் அவசரத்தில் மேற்குப் பகுதியை விட்டுவிடுபவர்களே அதிகம். நான் முதலில் அங்கே போகச் சொல்வேன்.

ஒகிகுவின் கிணறு உண்மையா?

கிணறு உண்மை, கதை கதைதான். எசமானரைக் கவிழ்க்க நடந்த சதியை ஒகிகு என்னும் பணிப்பெண் கண்டுபிடித்ததால், பத்துத் தட்டுகளில் ஒன்றை ஒளித்துவைத்து, அவள்மேல் பழிபோட்டுக் கொன்று, கிணற்றில் எறிந்தார்கள் என்றும், இரவில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணும் குரல் கேட்டது என்றும் சொல்வார்கள். ஜப்பான் முழுவதும் பல இடங்களில் இதே கதையைத் தம்முடையது என்கிறார்கள்.

இங்கே பெரிய போர் ஏதாவது நடந்ததா?

இன்றுள்ள கோட்டை கட்டப்பட்ட பிறகு எந்தப் பெரும் முற்றுகையையும் சந்திக்கவில்லை. இவ்வளவு கவனமாகச் செய்த பொறிகளெல்லாம் ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை. 1868-இல் ஷோகன் ஆட்சி முடிந்து பேரரசரின் படை வந்தபோது, கோட்டை பெரிய எதிர்ப்பின்றி ஒப்படைக்கப்பட்டது.

ஆபத்து வந்தது அமைதிக் காலத்தில். 1873-இல் புதிய மெய்ஜி அரசு பயனற்ற கோட்டைகளைக் கைவிட ஆணையிட்டது. ஹிமேஜிக் கோபுரம் ஏலத்துக்கு வந்து இருபத்துமூன்று யென் சொச்சத்துக்குப் போனதாகவும், இடிக்கும் செலவு அதைவிட அதிகம் என்பதால் வாங்கியவர் விட்டுவிட்டதாகவும் சொல்லப்படுகிறது. 1878-இல் நகமுரா ஷிகேதோ என்னும் ராணுவ அதிகாரி, நகோயா, ஹிமேஜி ஆகிய இரண்டையும் காக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அவருக்கு ஒரு நினைவுக்கல் ஹிஷி வாயிலுக்கு உட்புறம் இருக்கிறது. கூட்டம் அந்தக் கல்லைக் கவனிப்பதே இல்லை. நீங்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

1945 ஜூன், ஜூலை மாதங்களில் ஹிமேஜியின்மேல் குண்டு பொழிந்தது. ஜூலை 3 இரவில் நகரத்தின் பெரும்பகுதி எரிந்து சாம்பலானது. வெண்மை தெரியாதிருக்கக் கோட்டைமேல் கரிய வலைகளைப் போர்த்தியிருந்தார்கள். கோபுரத்தின் உச்சித் தளத்தில் விழுந்த தீக்குண்டு வெடிக்கவில்லை. விடிந்ததும் எரிந்த தெருக்களுக்கு நடுவே கோட்டை நிற்பதைக் கண்டு மக்கள் அழுதார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

உழவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

நியாயமான கேள்வி. விளைச்சலில் பத்தில் நான்கு பங்கு முதல் ஐந்து பங்கு வரை வரியாகச் சென்றது. கல் இழுத்ததும் மண் சுமந்ததும் ஊர் மக்களே. 1749-இல் வரிச்சுமை தாங்காமல் ஹிமேஜி ஆட்சிப்பகுதி முழுவதும் உழவர்கள் கிளர்ந்தெழுந்து, ஊர்த்தலைவர்கள், பணக்காரர்களின் வீடுகளை உடைத்தார்கள். எழுச்சி அடக்கப்பட்டது, தலைவர்கள் கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு வந்த சகாய் குடும்பம்தான் மெய்ஜி காலம் வரை இங்கே ஆண்டது. கோட்டையின் சுடுதுளைகளை எதிரிப்படை ஒருபோதும் எதிர்கொள்ளவில்லை. அதன் நிழலில் வாழ்ந்தவர்களோ அதன் விலையை ஒவ்வோர் அறுவடையிலும் கொடுத்தார்கள்.

எப்படிப் போவது? நேரம், கட்டணம் என்ன?

ஒசாகா நிலையத்திலிருந்து ஜேஆர் சிறப்பு விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கியோட்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஷின்-ஒசாகாவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் அரை மணி நேரம். ஹிமேஜி நிலையத்தின் வடக்கு வாயிலுக்கு வந்தால் நேரான அகன்ற சாலையின் முடிவில் கோட்டை தெரியும். பேருந்து உண்டு, ஆனால் இருபது நிமிடம் நடப்பதே நல்லது. கோபுரம் மெல்ல மெல்லப் பெரிதாவதைக் காணலாம்.

காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவார்கள். 4 மணிக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். டிசம்பர் 29, 30 விடுமுறை. நெடுங்காலம் 1,000 யென்னாக இருந்த பெரியவர் கட்டணம், 2026 மார்ச் முதல் வெளியூரார்க்கு 2,500 யென் ஆனது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களை அழைத்துச் செல்லலாமா?

வளாகம் வரை தாராளமாக அழைத்துச் செல்லலாம். சன்னோமாரு திடலில் அமர்ந்தே கோபுரத்தை நன்றாகப் பார்க்க முடியும். கோபுரத்துக்குள் மின்தூக்கி கிடையாது. காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, ஏணிபோல் செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டும். மரம் வழுவழுப்பானது; காலுறை வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். குளிர்காலத்தில் தரை உறைய வைக்கும் என்பதால் தடித்த காலுறை அவசியம்.

எந்தப் பருவம் நல்லது?

ஏப்ரல் தொடக்கத்தில் சகுரா என்னும் செர்ரி மரங்கள் பூக்கும்போது கோட்டை மிக அழகு, கூட்டமும் அதற்கேற்றபடி. கட்டடத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வார நாள் காலை ஒன்பது மணிக்கே வாயிலில் நில்லுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

சிரமம்தான். சூப், குழம்பு எல்லாவற்றிலும் மீன்சாறு இருக்கும். ஓதென் என்னும், சாற்றில் வேகவைத்த உள்ளூர்ப் புகழ்பெற்ற உணவும் அப்படியே. நிலையத்தருகே காப்பிக்கடைகளில் கிடைக்கும் பாதாம் வெண்ணெய் தடவிய ரொட்டி ஹிமேஜிக்கே உரியது. முட்டை, பால் பற்றிக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

கல்சுவர்களில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. அவசரமாகக் கட்டிய காலத்தில் கல் போதாமல், கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். பழைய கல்லறைப் பெட்டிகள், கல்விளக்குகளின் பாகங்கள் ஆகியவை சுவருக்குள் இருக்கின்றன. ஹா வாயிலின் தூண் நிற்கும் அடிக்கல்லே ஒரு கல்விளக்கின் பீடம்தான். இறுதியாக, சிறு கோபுரத்தின் அடியில் உள்ள கல்சுவரில், கம்பி வலை போட்டு மூடிய ஒரு சிறு கல்லைத் தேடுங்கள். ஹிதேயோஷி கோட்டை கட்டும்போது கல் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்ட ஓர் ஏழை மூதாட்டி, தான் பிழைப்புக்கு வைத்திருந்த திரிகைக்கல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்றும், அதைக் கேட்ட ஊர் மக்களெல்லாம் கல் சுமந்து வந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். பெரிய பாறைகளுக்கு நடுவே, வட்டமாக, ஓர் ஆள் தூக்கிவரக்கூடிய அளவில், அந்தக் கல் இன்னும் சுவரில் இருக்கிறது.